கொட்டாய் வீட்டுக்காரர்கள்: எல்லை ஊரில் ஒரு வீட்டுப் பெயரைத் தேடியது

மஞ்சள் பையில் இருந்த காகிதங்களை அண்ணன் என் மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தம்பி ஒரு பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து தன் பங்குக்கு அடுக்கினார். அப்பாவின் பட்டா, ரேஷன் கார்டு, இறப்புச் சான்று, இருவருடைய ஆதார், பள்ளிச் சான்றுகள். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. அப்பா பெயருக்கு முன்னால் 'எம்.'. அண்ணன் பெயருக்கு 'ஆர்.'. தம்பி பெயருக்கு முன்னால் எழுத்தே இல்லை, 'கொட்டாய்' என்று ஒரு முழுச்சொல் நின்றது. சுருக்கினால் 'கே.'. ஒரே வீட்டில் பிறந்து, ஒரே தறிச் சத்தத்தில் வளர்ந்த மூன்று பேர், காகிதத்தில் மூன்று குடும்பம்.

ஆந்திராவின் எல்லை ஊரான நகரியில் மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. தமிழிலும் எழுதுவேன், தெலுங்கிலும் எழுதுவேன். பெயர்க் குழப்பம் எங்களுக்குப் புதிதில்லை. வாரத்துக்கு ஒருவராவது இன்ஷியல் தகராறோடு வருவார்கள். ஆனால் இந்த வீட்டு விஷயத்தில் நான் ஐந்து மாதம் அலைந்தேன், நடுவில் ஒரு தவறான யோசனையும் சொன்னேன். அதனால்தான் இதை முழுசாக எழுதி வைக்கிறேன். வீட்டாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆட்களின் பெயரைச் சொல்லவில்லை. வீட்டுப் பெயரை மட்டும் சொல்கிறேன், அதைச் சொல்லாமல் இந்த விஷயமே இல்லை.

சிக்கல்

அப்பா நெசவுக்காரர். காலமானது நகரியில். அவர் பெயரில் ஒன்றேகால் ஏக்கர் புஞ்சை பள்ளிப்பட்டு பக்கம் இருக்கிறது. அதாவது ஆள் ஆந்திராவில், நிலம் தமிழ்நாட்டில். ஆந்திராவில் வாங்கிய குடும்ப உறுப்பினர் சான்றைக் கொண்டுபோய்த் தமிழ்நாட்டில் பட்டா மாற்ற வேண்டும். பிள்ளைகள் இரண்டே பேர். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. பாதிப் பாதி என்று பேசி முடித்துவிட்டார்கள்.

மனு திரும்பி வந்தது. அங்கே இருந்தவர் கேட்ட கேள்வி நியாயமானதுதான்: "அண்ணனுக்கு அப்பா பேரு இன்ஷியலா இருக்கு, சரி. இவருக்கு வேற ஏதோ பேரு முன்னாடி இருக்கே. இவரு வேற வகையறாவா?"

தம்பிக்கு அந்த வார்த்தை சுட்டுவிட்டது. "எங்க நைனாவுக்கு நான் பொறக்கலியான்னு கேக்கறமாதிரி இருந்திச்சி" என்று என்னிடம் சொன்னபோது கண் கலங்கியிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர்.

இரண்டு கணக்கு

தமிழ்நாட்டின் உள்பகுதியில் இருப்பவர்களுக்கு இது புரியக் கொஞ்சம் நேரமாகும். நமக்கு இன்ஷியல் என்றால் அப்பா பெயரின் முதல் எழுத்து. சிலருக்கு அதற்கு முன்னால் ஊர்ப் பெயர். திருத்தணியை மீட்கப் போராடிய ம.பொ.சி.யின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: மயிலாப்பூர், பொன்னுசாமி, சிவஞானம். ஊர், அப்பா, தான். திருப்பதி மலையில் மட்டுமில்லாமல் நம் வீடுகளிலும் காலையில் சுப்ரபாதம் பாடும் எம்.எஸ்.ஸுக்கு மதுரையும் அம்மா சண்முகவடிவும் இரண்டு எழுத்தானார்கள். இந்தக் கணக்கில் எழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும்.

தெலுங்குக் கணக்கு வேறு. அங்கே பெயருக்கு முன்னால் நிற்பது இண்டி பேரு, அதாவது வீட்டுப் பெயர். தாத்தாவுக்கும் அதுதான், அப்பாவுக்கும் அதுதான், பேரனுக்கும் அதுதான். கல்யாணமாகி வரும் மருமகளுக்கும் பெரும்பாலும் அதுவே ஒட்டிக்கொள்ளும். பழைய ஊர்ப் பெயராக இருக்கும், முன்னோர் ஒருவரின் பட்டமாக இருக்கும், சில சமயம் வீட்டு முன்னால் நின்ற மரமாகக்கூட இருக்கும்.

1953இல் ஆந்திரா தனி மாநிலமானபோது திருத்தணியும் பள்ளிப்பட்டும் சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போயின. எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கர் தந்த முடிவுப்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி வட்டமும் அதை ஒட்டிய ஊர்களும் மறுபடி சென்னை மாநிலத்துக்கு வந்தன. நகரி, புத்தூர், சித்தூர் எல்லாம் ஆந்திராவிலேயே நின்றன. கோடு நிலத்தின் மேல் விழுந்தது. பெண் கொடுத்ததும் எடுத்ததும், நூல் வாங்கியதும் சேலை விற்றதும் கோட்டைத் தாண்டித்தான் நடந்தன, இன்றைக்கும் நடக்கின்றன. ஆனால் பள்ளிக்கூடங்கள் கோட்டின்படி பிரிந்துவிட்டன. இந்த அண்ணன் தம்பியின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பள்ளிக்கூட ரெஜிஸ்டர்

அண்ணன் படித்தது பள்ளிப்பட்டு பக்கம், அம்மாவின் தாய்வீட்டில் இருந்துகொண்டு. தமிழ் மீடியம். வாத்தியார் "அப்பா பேரு என்ன?" என்று கேட்டார். சொன்னதும் 'ஆர்.' விழுந்தது.

தம்பி படித்தது நகரிப் பக்கம், தெலுங்குப் பள்ளியில். சேர்க்கக் கூட்டிப் போனவர் சித்தப்பா. வாத்தியார் கேட்டது அப்பா பெயரை இல்லை. "இண்டி பேரு ஏமி?" என்று கேட்டார். சித்தப்பாவுக்கு அந்தக் கேள்வியே புதுசு. 'உங்கள் வீட்டை ஊரில் எப்படிச் சொல்வார்கள்' என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு "கொட்டாய் வீடு" என்றிருக்கிறார். அவர் சொன்னது பொய்யில்லை, ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்துப் பழைய சேர்க்கை ரெஜிஸ்டரைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. நீளமான கணக்கு நோட்டு, ஓரமெல்லாம் செல்லரித்து, பக்கத்தைத் திருப்பினால் பொடி உதிர்கிறது. சிவப்பு மையில் கோடு, நீல மையில் எழுத்து. அந்த வரியில் மட்டும் வீட்டுப் பெயர் எழுதும் இடத்தில் ஒரு சின்ன அடித்தல். முதலில் தெலுங்கில் 'கொட்டம்' என்று எழுதி, கடைசி எழுத்தை அடித்து 'யி' சேர்த்திருந்தது. தெலுங்கில் கொட்டம் என்றாலும் மாட்டுக் கொட்டகைதான். வாத்தியார் தமிழ்ச் சொல்லைத் தெலுங்கில் புரிந்து எழுதியிருக்கிறார். சித்தப்பா குறுக்கிட்டிருக்க வேண்டும், அதனால் திருத்தி 'கொட்டாயி' ஆக்கிவிட்டார். நான் அந்த அடித்தலை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒரு குடும்பத்தின் பெயர் பிறந்த இடம் அது.

பத்தாம் வகுப்புச் சான்றில் ஆங்கிலத்துக்குப் போனபோது அது கே, ஓ, இரண்டு டி, ஏ, ஐ ஆயிற்று. தம்பி மகளுக்குச் சான்று வந்தபோது ஐ-க்கு முன்னால் ஒரு ஒய் கூடியிருந்தது. இதுவும் இங்கே சகஜம். சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சியில் பிறந்த ராமலிங்க ரெட்டி ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தராக இருந்தவர். வீட்டுப் பெயர் கட்டமஞ்சி. அதை ஆங்கிலத்தில் கே-க்குப் பதில் சி போட்டு எழுதியதால் உலகத்துக்கே அவர் சி.ஆர். ரெட்டி. தமிழில் பார்த்தால் அந்த 'சி' எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் பிடிபடாது.

பாலக்காட்டுத் தடம்

தம்பி மகள் பி.டெக். முடித்திருந்தாள். மேல்படிப்புக்கு வெளிநாடு போக பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். நிலப் பிரச்சினையும் இவளுடைய பாஸ்போர்ட்டும் ஒரே நேரத்தில் வந்ததால்தான் விஷயம் இவ்வளவு ஆழம் போனது.

ஒருநாள் ஓடி வந்தாள். "மாமா, எங்க பூர்வீகம் கேரளா! கண்டுபிடிச்சிட்டேன்."

தன் வீட்டுப் பெயரை அந்த ஒய் போட்ட ஸ்பெல்லிங்கோடு தேடியிருக்கிறாள். பாலக்காடு மாவட்டத்தில் கோட்டாயி என்று ஊர் வந்திருக்கிறது. செம்பை வைத்தியநாத பாகவதர் பிறந்த செம்பை கிராமம் அந்தக் கோட்டாயி பஞ்சாயத்தில்தான் இருக்கிறது. 1896இல் பிறந்து 1974 வரை வாழ்ந்த பெரிய வித்வான். ஊர்ப் பெயரே அவர் பெயராகி, 'செம்பை' என்று மட்டும் சொன்னாலே போதும் என்று நின்றது. பாலக்காட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. நெசவும் உண்டு. "அங்கேருந்து வந்திருப்போம் மாமா, பாட்டு எங்க ரத்தத்துல இருக்கு, தாத்தா பஜனை பாடுவாரில்ல" என்றாள்.

அவளுடைய சந்தோஷத்தைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் அந்த ஊரை மலையாளத்தில் எழுதிப் பார்த்தால் முதல் எழுத்து நெடில்: கோட்டாயி. ரெஜிஸ்டரில் தெலுங்கு வாத்தியார் எழுதியது குறில்: கொட்டாயி. தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் குறிலும் நெடிலும் வேறு வேறு எழுத்து. ஆங்கிலத்தில் மட்டும் இரண்டும் ஒரே 'ஓ'. ஆங்கில எழுத்து வழியாகத் தேடியதால் நானூறு ஐநூறு கிலோமீட்டர் தாண்டி ஒரு சொந்த ஊர் கிடைத்துவிட்டது. எழுதிக் காட்டினேன். முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

பேர் பெற்ற வீட்டுப் பெயர்கள்

அவளைத் தேற்றத்தான் முதலில் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல இதற்குள்ளேயே விடையும் இருந்தது.

எஸ்.பி. பாலசுப்ரமணியம். எங்கள் பக்கத்துக் கோனேட்டம்பேட்டைக்காரர் என்று இங்கே எல்லோரும் உரிமையோடு சொல்வோம். அந்த எஸ்., பி. என்ன? தமிழ்க் கணக்கில் கேட்டால் ஊரும் அப்பா பெயரும் என்று நினைப்பீர்கள். அப்பா பெயர் சாம்பமூர்த்தி. அவரும் எஸ்.பி. சாம்பமூர்த்திதான்! தங்கை எஸ்.பி. சைலஜா, மகன் எஸ்.பி. சரண். இரண்டு எழுத்தும் சேர்ந்து ஒரே வீட்டுப் பெயர்: ஸ்ரீபதி பண்டிதாராத்யுல. ஆந்திர சைவ மரபில் பண்டிதத்ரயம் என்று மூன்று பேரைச் சொல்வார்கள். ஸ்ரீபதி பண்டிதர் ஒருவர், மல்லிகார்ஜுன பண்டிதாராத்யர் இன்னொருவர். 12ஆம் நூற்றாண்டின் அந்தப் பெயர்களை நாம் ஆயிரக்கணக்கான பாட்டுத் தட்டுகளில் இரண்டு எழுத்தாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறோம்.

பி.பி. ஸ்ரீனிவாஸ். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும். 1930இல் காக்கிநாடாவில் பிறந்தவர். அப்பா பணீந்திரசுவாமிக்கும் அதே பி.பி. அந்த வீட்டுப் பெயர் பிரதிவாதி பயங்கரம். எதிர்வாதம் செய்கிறவரை நடுங்க வைப்பவர் என்று அர்த்தம். வாதில் வென்றதற்காக ஒரு வைணவப் பெரியவருக்குக் கிடைத்த பட்டம் அது என்று சம்பிரதாயத்தில் சொல்வார்கள். அவர் பிரதிவாதி பயங்கரம் அண்ணன், மணவாள மாமுனிகளின் எட்டு முக்கியச் சீடர்களில் ஒருவர். திருமலையில் தினமும் ஒலிக்கும் வேங்கடேச சுப்ரபாதத்தை இயற்றியவர் அவர்தான். நாலாயிர திவ்யப் பிரபந்தத்துக்கு உரை எழுதிய காஞ்சிபுரம் அண்ணங்கராசாரியாருக்கும் அதே வீட்டுப் பெயர். ஒரு பட்டம் ஐநூறு வருஷத்துக்கு மேல் இறங்கி வந்து, கடைசியில் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு மிருதுவாகப் பாடிய ஒருவரின் இன்ஷியலில் நின்றிருக்கிறது.

அப்புறம் மாடபூசி. திருச்சானூரில் 1891இல் பிறந்த அனந்தசயனம் ஐயங்கார், 1956 முதல் 1962 வரை மக்களவை சபாநாயகர், சித்தூர் தொகுதியிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவருடைய 'எம்.' மாடபூசி. கணித மேதை எம்.எஸ். ரகுநாதன் 1941இல் அனந்தபூரில் பிறந்தவர், லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். அவருடைய 'எம்.'மும் மாடபூசிதான், 'எஸ்.' அப்பா சந்தானம். அதாவது தெலுங்குக் கணக்கும் தமிழ்க் கணக்கும் ஒரே பெயரில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. எல்லை மனிதர்களின் பெயர் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கடைசியாக, நமக்குப் பக்கத்திலேயே, திருத்தணியில் 1888இல் பிறந்த எஸ். ராதாகிருஷ்ணன். 'எஸ்.' சர்வேபள்ளி, முன்னோர் வாழ்ந்த நெல்லூர்ப் பக்கத்துக் கிராமம். அவர் மகன் வரலாற்று ஆசிரியர், நேருவின் வாழ்க்கையை மூன்று பாகமாக எழுதியவர். தமிழ்க் கணக்கில் அவர் ஆர். கோபால் ஆக இருக்க வேண்டும். ஆனால் எஸ். கோபால். அந்த ஒரு எழுத்து போதும், வீடு எந்தக் கணக்கில் பெயர் வைக்கிறது என்று சொல்லிவிடும்.

இதைச் சொல்லி முடித்ததும் அந்தப் பெண்ணே கேட்டாள்: "அப்போ எழுத்து எறங்குதா, மாறுதான்னு பார்த்தா போதும். இல்லியா மாமா?"

போதும். இத்தனை வருஷம் நான் இந்த வேலையில் இருந்தும் இவ்வளவு சுருக்கமாக எனக்கே சொல்ல வந்ததில்லை. எழுத்து அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே இறங்கினால் அது வீட்டுப் பெயர். தலைமுறைக்கு ஒருதரம் மாறினால் அது அப்பா பெயர். கூடிக்கொண்டே போவதும் உண்டு: முத்துவேல் கருணாநிதி, அவர் மகன் முத்துவேல் கருணாநிதி ஸ்டாலின், அடுத்த தலைமுறையில் உதயநிதி ஸ்டாலின் என்று அப்பா பெயர் பின்னால் போய்விட்டது. மூன்று தலைமுறை, மூன்று வழக்கம்.

இப்போது இந்த வீட்டுக்கு வருவோம். அப்பா 'எம்.', அண்ணன் 'ஆர்.', அண்ணன் பிள்ளைகளுக்கு அண்ணன் பெயர். மாறுகிறது. தம்பிக்குக் கொட்டாய், தம்பி மகளுக்கும் கொட்டாய். இறங்குகிறது. ஒரே மரத்தின் ஒரு கிளை தமிழ்க் கணக்கிலும் ஒரு கிளை தெலுங்குக் கணக்கிலும் வளர்ந்திருக்கிறது. ஒருவரும் தப்பு செய்யவில்லை.

ஆயா சொன்னது

கொட்டாய் என்ற பேர் உண்மையிலேயே இந்த வீட்டுடையதுதானா, இல்லை அன்றைக்குச் சித்தப்பா வாயில் வந்ததா? இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அண்ணன் தம்பியின் அம்மா. எண்பது தாண்டிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஊட்டுப் பேரா? அது எதுக்குப்பா இப்ப?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கீரையைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் கண்ணாலமாயி வந்தப்ப ஓட்டு ஊடு கெடையாது. நெடுக ஒரு கொட்டாயி. பனை ஓல. அதுல ஆறு குழித்தறி. மாமனாரு ஒண்ணுல, கொழுந்தனாருங்க ஒண்ணுல, அப்பறம் ஆளுங்க. அந்தக் கோடியில அடுப்பு. ஊருல வேற யாருக்கும் ஆறு தறி போடற கொட்டாயி இல்ல. அதனால கொட்டாயி ஊட்டுக்காரங்கன்னாதான் தெரியும். சந்தையில நூலு கடன் வாங்கணும்னா கூட அந்தப் பேரச் சொன்னா குடுப்பாங்க."

மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறிக்கொள்ளும். ஒருவர் பாவைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் சட்டியால் இறைப்பார்களாம். தம்பி பிறந்ததே அந்தக் கொட்டாயில், மேல் கோடியில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு. பக்கத்தில் தறி ஓடிக்கொண்டே இருந்ததாம். "நிறுத்துடான்னு மாமியா கத்துனாங்க, நாந்தான் ஓடட்டும்னு சொல்லிட்டேன். அந்தச் சத்தம் கேட்டுக்கினே இருந்தா வலி தெரியாதுன்னு."

பவர்லூம் வந்து, மெத்தை வீடு கட்டியபோது கொட்டாயைப் பிரித்துவிட்டார்கள். பெயர் மட்டும் ஒரு பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் ஏறியிருந்ததால் தப்பித்தது. இல்லாவிட்டால் ஆயாவோடு போயிருக்கும். அண்ணன் அதுவரை சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், மெதுவாக வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

செய்தது

நிலத்தின் காரியம் பெரிய கஷ்டமில்லை, வழி தெரிந்தால். மூன்று தலைமுறைக்கு வம்சாவளி ஒன்று எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் நேரே எந்த எழுத்து, அது எதிலிருந்து வந்தது என்று ஒரு கட்டம். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து, 'அப்பாவின் பெயரை இன்ஷியலாகக் கொண்டவரும் வீட்டுப் பெயரை முன்பெயராகக் கொண்டவரும் ஒரே தகப்பனாரின் பிள்ளைகள்' என்று நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள். தம்பியின் பள்ளிச் சான்றில் தகப்பனார் பெயர் தனிக் கட்டத்தில் இருந்தது, அதுதான் பெரிய துணை. தெலுங்குக் காகிதங்களுக்கெல்லாம் தமிழ் மொழிபெயர்ப்பு வைத்தேன். முதல் மனுவில் இதைச் செய்யாமல் விட்டது என் தவறு. இரண்டு தடவை அலைந்த பிறகு பட்டா மாறியது. இப்போது அந்தப் பட்டாவில் இரண்டு பெயரும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன.

பாஸ்போர்ட்டில்தான் நான் சறுக்கினேன். அந்தப் படிவத்தில் இன்ஷியலை விரித்து எழுத வேண்டும், குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வழக்கமாக அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போடச் சொல்வேன். காலியாக விட்டால் பின்னால் தொல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று சொன்னபோது இங்கிருந்து எத்தனையோ பேர் பதறினார்கள். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு, முதல் பெயர் தெரியவில்லை என்ற பொருளில் மூன்று ஆங்கில எழுத்தைப் போட்டுவிடுவார்கள். அந்த மூன்று எழுத்தே பெயர் என்று நினைத்துக் கூப்பிடுகிறவர்களும் உண்டு.

அந்தப் பழக்கத்தில் இந்தப் பெண்ணுக்கும் "அப்பா பெயரைப் போட்டுவிடு, கொட்டாயை விட்டுவிடு, அதனால்தானே இவ்வளவு பிரச்சினை" என்று சொல்லிவிட்டேன். தவறான யோசனை. அவளுடைய பத்தாவது, இன்டர், பி.டெக். எல்லாச் சான்றிலும் கொட்டாய் முன்னால் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் வேறு குடும்பப் பெயர் இருந்தால் ஒவ்வொரு இடத்திலும் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது காகிதக் காரணம். அவள் சொன்ன காரணம் வேறு: "ஆயா அந்தக் கொட்டாயிலதான் அப்பாவப் பெத்தாங்க. அத எதுக்கு மாமா விடணும்?"

நான் படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதுசாக எழுதினேன். குடும்பப் பெயர்க் கட்டத்தில் கொட்டாய். சான்றுகளில் இருக்கிற அதே ஸ்பெல்லிங், ஒய்யோடு. பிழையாக வந்த எழுத்துதான், ஆனால் எல்லாக் காகிதத்திலும் ஒரே பிழையாக இருந்தால் அதைத் திருத்தப் போகாமல் இருப்பதே நல்லது. தெலுங்குக்காரர்கள் பலருக்கு ஏற்படும் இன்னொரு குழப்பத்தையும் சொல்லி அனுப்பினேன்: நமக்கு வீட்டுப் பெயர் முதலில் வரும், அவர்கள் படிவத்தில் அதைக் 'கடைசிப் பெயர்' என்று கேட்பார்கள். பயப்படாமல் கொட்டாய் என்று எழுது.

அவள் கிளம்பிய அன்றைக்கு ஏகாம்பரக்குப்பம் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போயிருந்தேன். சென்னை போகிற வழியில், நகரிக்கு அடுத்து வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்று ஒரு ஸ்டேஷன் வரும். நாட்டிலேயே நீளமான ஸ்டேஷன் பெயர்களில் ஒன்று. யாரோ ஒரு ராஜுவின் பெயரை ஒரு எழுத்துகூடச் சுருக்காமல் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் நாங்கள் அதை மூச்சு விடாமல் சொல்லிப் பந்தயம் கட்டுவோம். அதைச் சொன்னதும், ரயில் நகர்ந்தபோது ஜன்னலிலிருந்து அந்தப் பெயரை மூச்சு விடாமல் சொல்லிக் காட்டினாள்.

இரண்டு மாதம் முன்னால் அண்ணன் மட்டும் தனியாக வந்தார். மகனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, திருத்தணியில். பிறப்புப் பதிவுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். இன்ஷியலைத் தமிழிலேயே எழுதச் சொல்லி 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு போட்ட உத்தரவைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டது வேறு.

"அப்பா பேரு எழுத்து வழக்கம்போல இருக்கட்டும். அதுக்கு முன்னாடி அந்தப் பேரையும் சேக்கலாமாப்பா? முழுசா? அம்மா இருக்கும்போதே எழுதிப்புடணும்னு பாக்கறேன்."

சேர்க்கலாம் என்றேன். காகிதத்தை எடுத்துத் தமிழில் பெரிதாக எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் எழுத்தையே வெகுநேரம் பார்த்தார். ஒற்றைக் கொம்புதான் போட்டிருக்கிறேனா என்று கேட்டார். ஒற்றைக் கொம்புதான் என்றேன்.